கோலா சாவா சடக்கில் ஒரு வேகக் கணக்கு

படிவம் 2 கணிதப் புத்தகத்தில் ஒன்பதாவது பாடம் 'லாஜு டான் பெச்சுத்தான்'. வேகமும் முடுக்கமும் என்று அர்த்தம். படிவம் 4 கணிதத்தில் அதே விஷயம் 'கிராஃப் கெராக்கான்' என்ற பெயரில் திரும்பி வரும். பௌதிகம் எடுத்தவர்களுக்கு அங்கேயும் இரண்டாவது பாடமாக வந்து நிற்கும். எஸ்.பி.எம். எழுதுவதற்குள் மூன்று தடவை சந்திக்கிற பாடம் இது. ஆனாலும் ஞாயிறு காலையில் கோலா சாவா கோயில் மண்டபத்தில் நான் நடத்தும் வகுப்பில் "எதுப்பா கஷ்டம்?" என்று கேட்டால் பாதிப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். ரந்தாவ், சிலியாவ் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளும் அதையே சொல்கிறார்கள்.

என்ன வேடிக்கை என்றால், அப்படிச் சொல்கிற பையனே வகுப்பு முடிந்ததும் அண்ணன் மோட்டாரின் பின்னால் ஏறி உட்கார்ந்து, "அண்ணே, நூறுல போனா எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம்?" என்று கேட்கிறான். கணக்கு அவனுக்குத் தெரியும். தாளில் வரும்போதுதான் பயம். அந்தப் பயத்தைப் போக்கத்தான் இந்தக் கட்டுரை. போகிற போக்கில் அந்த 'நூறு'வையும் கொஞ்சம் கணக்குப் பார்த்துவிடலாம்.

முதலில் சொற்களைச் சரி செய்துகொள்ளுங்கள். தமிழ்ப்பள்ளியில் தூரம், நேரம் என்று படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் சொற்கள் மாறிவிடுகின்றன. கேள்வி புரியாமல் விடை தெரியாதவன்போல முழிக்கிறவர்கள் நிறைய. தூரம் என்றால் ஜாராக். நேரம் மாசா. வேகம் லாஜு. சராசரி வேகம் லாஜு பூராத்தா. இடப்பெயர்ச்சி செசாரான். திசைவேகம் ஹாலாஜு. முடுக்கம் பெச்சுத்தான், வேகம் குறைந்தால் அது ஞாப்பெச்சுத்தான். இந்த ஏழெட்டுச் சொல்லை நோட்டுப் புத்தகத்தின் பின் அட்டையில் எழுதி வையுங்கள். என் அனுபவத்தில் பாதிப் பயம் அங்கேயே போய்விடும்.

இதில் லாஜுவுக்கும் ஹாலாஜுவுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். கோயிலை மூன்று முறை வலம் வருகிறீர்கள். ஒரு சுற்று 60 மீட்டர், மூன்று சுற்றுக்கு மூன்று நிமிடம் ஆகிறது. நடந்த தூரம் 180 மீட்டர், நேரம் 180 வினாடி, வேகம் வினாடிக்கு 1 மீட்டர். ஆனால் கொடிமரத்துக்கு முன்னால் தொடங்கி அதே இடத்துக்கு வந்துவிட்டீர்கள். இடப்பெயர்ச்சி பூஜ்யம், அதனால் சராசரித் திசைவேகமும் பூஜ்யம். "அப்போ சுத்துனது வீணா சார்?" என்று ஒரு தங்கை கேட்டாள். புண்ணியத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியாதம்மா, நான் பௌதிகம்தான் சொல்கிறேன் என்றேன்.

மூன்று பேர், ஒரே குடும்பம்

வேகம் என்பது தூரத்தை நேரத்தால் வகுப்பது. மற்ற இரண்டும் இதிலிருந்தே வரும். தூரம் வேண்டுமா, வேகத்தை நேரத்தால் பெருக்குங்கள். நேரம் வேண்டுமா, தூரத்தை வேகத்தால் வகுங்கள். முக்கோணம் வரைந்து மனப்பாடம் செய்யச் சொல்லும் ஆசிரியர்கள் உண்டு, செய்யுங்கள், தப்பில்லை. ஆனால் எனக்கு அது பிடிக்காது. 'மணிக்கு 60 கிலோமீட்டர்' என்ற வார்த்தையிலேயே சூத்திரம் இருக்கிறது. ஒரு மணிக்கு 60. அப்படியானால் இரண்டு மணிக்கு 120, அரை மணிக்கு 30. இதற்கு எதற்கு முக்கோணம்?

நம் முன்னோர் இதைத் தலைகீழாகவும் பார்த்திருக்கிறார்கள். ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். ஒரு நாழிகையில் நடந்து கடக்கும் தூரத்துக்கு 'நாழிகை வழி' என்றே பெயர் வைத்தார்கள். மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பவருக்கு அது 2 கிலோமீட்டர். தோட்டத்துத் தாத்தாவிடம் "அடுத்த டிவிஷன் எவ்வளவு தூரம்?" என்று கேட்டால், "ஒரு சுருட்டுப் பிடிக்கிற நேரம்" என்பார். அவரும் தூரத்தை நேரத்தால்தான் சொல்கிறார். நடக்கும் வேகம் மாறாதவரை அந்தக் கணக்கு சரிதான்.

இப்போது பரீட்சைத் தாளில் மதிப்பெண் உதிரும் இடங்கள். முதலாவது, மணியையும் நிமிடத்தையும் புள்ளி போட்டு எழுதுவது. சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையில் 1891-ல் ரயில் பாதை திறந்தார்கள். மலாயாவின் ஆரம்ப கால ரயில் பாதைகளில் அது ஒன்று. நீளம் சுமார் 39 கிலோமீட்டர். இப்போது அதில் வண்டி ஓடுவதில்லை, பாதை புதர் மூடிக் கிடக்கிறது. ஒரு ரயில் அதில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் நிற்காமல் போனதாக வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நேரம்? 39-ஐ 30-ஆல் வகுத்தால் 1.3 மணி. உடனே பத்தில் ஆறு பேர் '1 மணி 30 நிமிடம்' என்று எழுதிவிடுகிறார்கள். இல்லை. 0.3 மணி என்பது 60-ல் பத்தில் மூன்று பங்கு, அதாவது 18 நிமிடம். விடை 1 மணி 18 நிமிடம். அதேபோல 1 மணி 20 நிமிடத்தை 1.2 என்று எழுதினாலும் தப்பு. 80-ஐ 60-ஆல் வகுத்து, மூன்றில் நான்கு என்று பின்னமாக வைத்துக்கொள்வதுதான் சுத்தம்.

இரண்டாவது, கிலோமீட்டரிலிருந்து மீட்டருக்கு மாற்றுவது. மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்பதை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று மாற்ற 3.6-ஆல் வகுக்கச் சொல்வார்கள். ஏன் 3.6? ஒரு கிலோமீட்டரில் 1000 மீட்டர், ஒரு மணியில் 3600 வினாடி. 1000-ஐ 3600-ஆல் வகுப்பதும் 3.6-ஆல் வகுப்பதும் ஒன்றுதான். தசமம் பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வழி: மணிக்கு 18 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 5 மீட்டர். அங்கிருந்து 18, 18 ஆகக் கூட்டிக்கொண்டே போங்கள். 36-க்கு 10, 54-க்கு 15, 72-க்கு 20, 90-க்கு 25, 108-க்கு 30. கேள்வித்தாளில் 54, 72, 90 என்ற எண்கள் ஏன் அடிக்கடி வருகின்றன என்று இப்போது புரிகிறதா?

போக 60, வர 40

சிரம்பானிலிருந்து கோலா சாவா 15 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு வசதிக்காகச் சொல்கிறேன். மீட்டர் பார்த்துவிட்டு யாரும் சண்டைக்கு வராதீர்கள். போகும்போது மணிக்கு 60, திரும்பும்போது மழை, மணிக்கு 40. மொத்தப் பயணத்தின் சராசரி வேகம் என்ன?

வகுப்பே ஒரே குரலில் "ஐம்பது!" என்றது. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துவிட்டார்கள். வேகத்தை அப்படிச் சராசரி எடுக்கக் கூடாது. மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுக்க வேண்டும். போக 15 நிமிடம், வர 22.5 நிமிடம், மொத்தம் 37.5 நிமிடம். தூரம் 30 கிலோமீட்டர். சராசரி மணிக்கு 48. ஐம்பது ஏன் வரவில்லை? மெதுவாகப் போன நேரம்தான் அதிகம். கடிகாரம் அந்தப் பக்கமே இழுக்கும்.

இதிலேயே ஒரு கொக்கி போட்டேன். போகும்போது பேருந்து நின்று நின்று போனதால் மணிக்கு 30 கிலோமீட்டர்தான் ஆனது. போய்வரும் மொத்தச் சராசரி 60 ஆக வேண்டுமென்றால் திரும்பும்போது எவ்வளவு வேகத்தில் வர வேண்டும்? "தொண்ணூறு" என்றான் ஒருவன். போட்டுப் பாருங்கள். போய்வர 30 கிலோமீட்டர். சராசரி 60 என்றால் மொத்தம் 30 நிமிடம்தான் கையில் இருக்கிறது. போகும்போதே அந்த 30 நிமிடம் தீர்ந்துவிட்டது. திரும்பி வர நேரம் பூஜ்யம். ராக்கெட் கொண்டுவந்தாலும் நடக்காது. தாமதமாகக் கிளம்பிவிட்டு வழியில் பிடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை கையால் எழுதிப் பார்க்கலாம்.

அதே 15 கிலோமீட்டரை வைத்து இன்னும் ஒன்று. 60-ல் போனால் 15 நிமிடம். 75-ல் போனால் 12 நிமிடம். 3 நிமிடம் மிச்சம். 90-ல் போனால் 10 நிமிடம். இந்தத் தடவை மிச்சம் 2 நிமிடம்தான். 105-ல் போனால் ஏறக்குறைய 8 நிமிடம் 34 வினாடி. மிச்சம் 1 நிமிடம் 26 வினாடி. ஒவ்வொரு தடவையும் அதே 15-ஐத்தான் கூட்டுகிறோம். கிடைக்கும் லாபம் தேய்ந்துகொண்டே போகிறது. செலவு எங்கே ஏறுகிறது என்பதைக் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்.

ஆரியபட்டர் போட்ட கணக்கு

எதிரெதிரே வரும் இரண்டு வண்டி எப்போது சந்திக்கும் என்ற கேள்வியை வெள்ளைக்காரன் கண்டுபிடித்த பாடம் என்று நினைத்திருக்கிறோம். ஆரியபட்டர் தமது 23-ஆவது வயதில், கி.பி. 499-ஐ ஒட்டி, 'ஆரியபட்டீயம்' எழுதினார். அதன் கணிதப் பகுதியில் 33 செய்யுள்களே இருக்கின்றன. அவற்றில் ஒன்று இந்த விஷயத்துக்கென்றே ஒதுக்கப்பட்டது. எதிரெதிரே நகரும் இரண்டு பொருள்களுக்கு இடையிலுள்ள தூரத்தை அவற்றின் வேகங்களின் கூட்டுத்தொகையால் வகு. ஒரே திசையில் போனால் வித்தியாசத்தால் வகு. சந்திக்கும் நேரம் கிடைக்கும் என்பது அதன் சாரம். அவருக்குத் தேவைப்பட்டது கிரகங்களுக்கு. நமக்கு லோரிக்கும் மோட்டாருக்கும் உதவுகிறது. அதே நூலில் வேறோர் இடத்தில், ஓடும் படகில் இருப்பவனுக்குக் கரையிலுள்ளவை பின்னோக்கிப் போவதுபோலத் தெரியும் என்று சொல்லி, பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் நகர்வதாகத் தோன்றுவதை விளக்குகிறார். ஒப்பு வேகம் என்று இன்று சொல்வதன் வேர் அங்கே இருக்கிறது.

சுலபமான கணக்கு: 20 கிலோமீட்டர் இடைவெளியில் மோட்டார் 60-லும் லோரி 40-லும் எதிரெதிரே வருகின்றன. கூட்டினால் 100. 20-ஐ 100-ஆல் வகுத்தால் 0.2 மணி, அதாவது 12 நிமிடம். அதற்குள் மோட்டார் 12 கிலோமீட்டரும் லோரி 8 கிலோமீட்டரும் வந்திருக்கும். இரண்டையும் கூட்டினால் 20 வருகிறதா? வந்தால் விடை சரி. எப்போதும் இப்படி ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள்.

அடுத்தது நம்ம சடக்குக்கே உரிய கணக்கு. செம்பனைக் குலை ஏற்றிய லோரி மணிக்கு 54-ல் போகிறது. பின்னால் ஒரு மோட்டார், மணிக்கு 72. முந்த வேண்டும். லோரி 10 மீட்டர் நீளம். அதற்கு 20 மீட்டர் பின்னால் வெளியே எடுத்து, 20 மீட்டர் முன்னால் போய் உள்ளே நுழைவதாக வைப்போம். லோரியைப் பார்த்தால் மோட்டார் 20-ம் 10-ம் 20-ம் சேர்த்து 50 மீட்டர் முன்னேற வேண்டும். வேகங்கள் வினாடிக்கு 20, 15, வித்தியாசம் 5. ஆக 10 வினாடி. அந்த 10 வினாடியில் மோட்டார் சடக்கில் ஓடும் தூரம் 200 மீட்டர். எதிரே மணிக்கு 90-ல் ஒரு கார் வந்தால், அதே 10 வினாடியில் அது 250 மீட்டர் வந்துவிடும். முந்த ஆரம்பிக்கும்போது குறைந்தது 450 மீட்டர் காலியாகத் தெரிய வேண்டும்.

இதைப் போட்டு முடித்ததும் வகுப்பு அமைதியாகிவிட்டது. கடைசி வரிசையில் ஒருவன், "சார், நம்ம சடக்குல எங்கே 450 மீட்டர் நேரா இருக்கு?" என்றான். அவன் கேட்டது பாடப்புத்தகத்தில் இல்லாத கேள்வி. விடை அவனுக்கே தெரியும்.

பிரேக் பிடித்தபின்

முடுக்கம் என்பது வேகம் ஒவ்வொரு வினாடியும் எவ்வளவு மாறுகிறது என்பது. நின்ற இடத்திலிருந்து 8 வினாடியில் 72-ஐத் தொட்டால், அதாவது வினாடிக்கு 20 மீட்டர், முடுக்கம் 20-ஐ 8-ஆல் வகுத்து 2.5. அந்த 8 வினாடியில் ஓடிய தூரம்? வேகம் சீராக ஏறியதால் சராசரி எடுக்கலாம்: பூஜ்யத்துக்கும் 20-க்கும் நடுவே 10. எட்டு வினாடிக்கு 80 மீட்டர். கொஞ்சம் முன்னால்தான் வேகத்தைக் கூட்டி இரண்டால் வகுக்கக் கூடாது என்றேன். இங்கே செய்கிறேனே என்று கேட்பீர்கள். வேகம் நேரத்தோடு சீராக மாறினால் மட்டும் அது செல்லும். படிவம் 4-ல் வரும் நான்கு சூத்திரங்களும் இந்த நிபந்தனையில்தான் நிற்கின்றன.

இதைக் கிராஃபில் பார்ப்பது இன்னும் நல்லது. படுக்கைக் கோட்டில் நேரம், நிலைக் கோட்டில் வேகம். கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பளவுதான் தூரம். மாறாத வேகம் என்றால் செவ்வகம். சீராகக் குறைந்து நின்றால் முக்கோணம். இந்த ஒரு வரி கையில் இருந்தால் 'கிராஃப் கெராக்கான்' பாடத்தில் முக்கால்வாசி முடிந்தது.

இப்போது மோட்டாரை நிறுத்துவோம். முன்னால் ஏதோ தெரிகிறது. கண் பார்த்து, மூளை முடிவு செய்து, கையும் காலும் பிரேக்குக்குப் போகும்வரை வண்டி பழைய வேகத்திலேயே ஓடும். அதற்கு ஒரு வினாடி என்று வையுங்கள். "ஒரு வினாடியா? நான் அதைவிட வேகம் சார்" என்பவர்களுக்காக வகுப்பில் ஒரு சோதனை செய்தோம். ஒருவர் அடிக்கோலைச் செங்குத்தாகப் பிடித்துச் சொல்லாமல் விட, இன்னொருவர் விரலால் பிடிக்க வேண்டும். 20 சென்டிமீட்டர் விழுந்தபின் பிடித்தால் 0.2 வினாடி, ஈர்ப்பு முடுக்கம் 10 என்று போட்டால் கணக்கு அப்படித்தான் வரும். நல்ல வேகம்தான். ஆனால் அங்கே கோல் விழும் என்று தெரிந்து, விரலைத் தயாராக வைத்துக் காத்திருந்தார்கள். சடக்கில் என்ன வரும், எப்போது வரும் என்று யாரும் சொல்லிவிட்டு வருவதில்லை. இரவு வேலை முடிந்து களைப்போடு வந்தாலோ, கைப்பேசி மணி அடித்தாலோ ஒரு வினாடியும் போதாது.

பிரேக் பிடித்ததும் வேகம் வினாடிக்கு 5 மீட்டர் வீதம் குறைவதாக எடுப்போம். காய்ந்த தார்ச் சடக்கு, நல்ல டயர். மணிக்கு 36-ல் போனால் வினாடிக்கு 10 மீட்டர். யோசிக்கும் வினாடியில் 10 மீட்டர். பிறகு 2 வினாடியில் நிற்கும். முக்கோணப் பரப்பு பாதி பெருக்கல் 2 பெருக்கல் 10, அது இன்னொரு 10. மொத்தம் 20 மீட்டர். வேகத்தை இரண்டு மடங்காக்குங்கள், 72. யோசிக்கும் தூரம் 20. பிரேக் தூரம்? நிற்க 4 வினாடி, பாதி பெருக்கல் 4 பெருக்கல் 20, 40 மீட்டர். மொத்தம் 60. வேகம் இரண்டு மடங்கு ஏறியதற்குப் பிரேக் தூரம் நான்கு மடங்கு ஏறிவிட்டது. முக்கோணத்தின் அடியும் உயரமும் இரண்டும் இரட்டிப்பானால் பரப்பு நான்கு மடங்குதானே? சூத்திரத்தில் வேகத்தின் வர்க்கம் வருவதற்குக் காரணம் இதுவே. 108-ல் 30-ம் 90-ம் சேர்ந்து 120 மீட்டர். காற்பந்துத் திடலின் நீளத்தையே தாண்டிவிடும்.

முன்னே சொன்ன லாபக் கணக்கை இங்கே கொண்டுவாருங்கள். 60-லிருந்து 90-க்கு ஏற்றினால் 15 கிலோமீட்டரில் 5 நிமிடம் மிச்சம். நிற்கத் தேவையான தூரம் 44 மீட்டரிலிருந்து 87-க்கு மேல் போகிறது. மழை பெய்து வழுக்கினால் பிரேக்கின் பலன் பாதியாகி, பிரேக் தூரம் இரட்டிப்பாகும்.

இனி வருவதுதான் எனக்கு முக்கியம். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் மோட்டாரில் வருகிறார்கள். ஒருவர் 54, மற்றவர் 72. இரவு நேரம். செம்பனைக்குள்ளிருந்து ஒரு மாடு சடக்கில் ஏறி நிற்கிறது, 37.5 மீட்டர் முன்னால். இரண்டு பேரும் ஒரே கணத்தில் பார்க்கிறார்கள். ஒரே மாதிரி வண்டி, ஒரே மாதிரி பிரேக்.

54-ல் வந்தவர் வினாடிக்கு 15 மீட்டர். யோசிக்க 15 மீட்டர். பிரேக் தூரம் 15-இன் வர்க்கம் 225-ஐ 10-ஆல் வகுத்து 22.5. கூட்டினால் 37.5. மாட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறார். மாடு திரும்பிப் பார்க்கும், அவ்வளவுதான்.

72-ல் வந்தவருக்கு யோசிப்பதற்கே 20 மீட்டர் போயிற்று. மீதி 17.5 மீட்டர்தான் பிரேக்குக்கு. அந்த இடத்துக்கு வரும்போது அவர் வேகம் என்ன? இறுதி வேகத்தின் வர்க்கம் = தொடக்க வேகத்தின் வர்க்கம் கழித்தல் 2 பெருக்கல் 5 பெருக்கல் 17.5. 400-லிருந்து 175 போக 225. வர்க்கமூலம் 15. வினாடிக்கு 15 மீட்டர், அதாவது மணிக்கு 54 கிலோமீட்டர்.

முதல் ஆள் நின்றுவிட்ட அதே இடத்தில், இரண்டாவது ஆள் மணிக்கு 54-ல் மோதுகிறார். இருவருக்கும் இருந்த வித்தியாசம் 18 மட்டுமே. "பதினெட்டுதானே கூட, லேசாத் தட்டும்" என்று மனசு சொல்லும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. கரும்பலகையில் இந்த 225 வந்து நின்றபோது, நம்பாமல் மூன்று பேர் எழுந்து வந்து மறுபடி போட்டுப் பார்த்தார்கள். அதே விடைதான்.

நம் நாட்டுச் சாலை விபத்துகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். 16 வயதில் பி2 உரிமம் எடுக்கலாம். படிவம் 2-ல் இந்தப் பாடம் வரும்போது வயது 14. இடையில் இரண்டு வருடம் இருக்கிறது. உரிமம் எடுக்காமலேயே தோட்டத்துச் சடக்கில் ஓட்டுபவர்களைப் பற்றி நான் இங்கே எழுதவில்லை, அவர்களுக்கே தெரியும். கோயில் மண்டபத்தில் கல்யாணப் பந்தலுக்குக் கட்டும் அதே நாற்காலிகளை வாலிபப் பிள்ளையின் பதினாறாம் நாளுக்கும் போட்டிருக்கிறோம். பரீட்சைக்கு மட்டும் இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, சுமையை இறக்கிவிட்டு ஒரு சின்னக் கணக்கு. மின்னல் வெட்டியதும் மனசுக்குள் வினாடி எண்ணுங்கள். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒளி வந்து சேரும் நேரத்தைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம், அவ்வளவு வேகம். 9 வினாடி கழித்து இடி கேட்டால் மின்னல் 3 கிலோமீட்டர் தள்ளி விழுந்திருக்கிறது. காட்டில் வேலை செய்யும் அப்பா, அம்மாவுக்குச் சொல்லிக்கொடுங்கள். 3 கிலோமீட்டர் என்றால் பக்கம்தான். மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும்.

வீட்டில் போட்டுப் பார்க்க நான்கு கணக்கு தருகிறேன். ஒன்று, லயத்திலிருந்து பள்ளிக்கு 1.2 கிலோமீட்டர், மணிக்கு 4 கிலோமீட்டர் நடந்தால் எத்தனை நிமிடம்? இரண்டு, 120 மீட்டர் நீளமுள்ள ரயில் மணிக்கு 72-ல் 380 மீட்டர் பாலத்தை முழுவதும் கடக்க எவ்வளவு நேரம்? ரயிலின் நீளத்தை மறக்காதீர்கள். மூன்று, சிரம்பானிலிருந்து பேருந்து மணிக்கு 40-ல் போர்ட்டிக்சனுக்குக் கிளம்புகிறது. 15 நிமிடம் கழித்து மோட்டார் 60-ல் அதே வழியில் கிளம்புகிறது. வழி 32 கிலோமீட்டர் என்றால், போய்ச் சேர்வதற்குள் மோட்டார் பேருந்தைப் பிடிக்குமா? ஆரியபட்டரின் இரண்டாவது விதி இதற்கு. நான்கு, மழையில் வேகம் வினாடிக்கு 2.5 மீட்டர் வீதமே குறைகிறது. 90-ல் வருபவர், யோசிக்க ஒரு வினாடி எடுத்து, நிற்க மொத்தம் எவ்வளவு தூரம் வேண்டும்?

விடைகள்: முதலாவது 18 நிமிடம். இரண்டாவது 25 வினாடி. மூன்றாவது, இடைவெளி 10 கிலோமீட்டர், வித்தியாசம் 20, அரை மணியில் 30-ஆவது கிலோமீட்டரில் பிடித்துவிடும். நான்காவது 25-ம் 125-ம் சேர்ந்து 150 மீட்டர். மூன்றாவதில் வேறு விடை வந்தவர்கள், பேருந்து முதல் 15 நிமிடத்தில் ஓடிய தூரத்தை எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அப்படியும் வரவில்லை என்றால் ஞாயிறு காலை நோட்டோடு மண்டபத்துக்கு வாருங்கள், பசியாறிவிட்டு.